நாலு மில்லி அங்கிளின் தோசை மிஷின்

உலகத்தில் உள்ள அத்தனை பொருள்களையும் இரும்பு, இரும்பில்லாதது என்று இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் அவர் குடியிருந்தார்.

சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் 'நாலு மில்லி' அங்கிள். புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரைக் கேட்டதும் பெரிய குடிகாரர் என்று முடிவுகட்டிப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். பாவம், தேநீரைக்கூட சர்க்கரை இல்லாமல் குடித்தவர் அவர்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கிருந்த துணை, விரல் நீளத்தில் ஒரு சென்சார். பித்தளை உடம்பு, பிளாஸ்டிக் மூக்கு. இரும்பு நாலு மில்லிமீட்டர் கிட்டே வந்தால் போதும், தொடாமலே சிவப்பு விளக்கு எரியும். அலுமினியம் என்றால் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு வரவேண்டும். மரம், பிளாஸ்டிக், மனுஷன் எல்லாம் அதன் கண்ணிலேயே படாது. அதை ஒரு பேட்டரியோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போவார். சட்டி விற்கிறவன் விழிக்க விழிக்க ஒவ்வொரு சட்டியிடமும் அந்த மூக்கை நீட்டுவார்.

ஒருமுறை கீழே தபால்பெட்டியின் தகர மூடிக்கு இன்னொரு சென்சார் வைத்தார். மூன்று மாடிக்கு ஒயர் இழுத்து, மூடி திறந்தால் சமையலறையில் பல்பு எரிய ஏற்பாடு. எரியும்போதெல்லாம் விழுந்தடித்து இறங்கிப் போனார். தண்ணீர் பில், பீட்சாக்கடை நோட்டீஸ், மறுபடியும் தண்ணீர் பில். இரண்டு மாதம் கழித்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு, "மிஷின் நல்லா வேல செய்யுது. ஆளுங்கதான் எழுத மாட்டேங்கிறாங்க," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார், அங்கிள் "நட்டு லூசு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மாவைக் கல்லில் ஊற்றினால் பாதி அடுப்புக்கும் கால்வாசி சட்டைக்கும் போனது. சுபாங் ஜெயாவில் இருந்த மகன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கிளுக்கு இந்த வீட்டை விட மனசில்லை. வீடு முழுக்க அவர் ஒயர், அவர் ஸ்க்ரூ, மனைவி வாங்கிய இரும்புத் தோசைக்கல். கடைசியில் மகன் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன், அப்பா யார் உதவியும் இல்லாமல் ஒரு தோசை சுட்டுக் காட்டட்டும், அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்.

அங்கிள் யாரோ வீசிய த்ரீடி பிரிண்டர் ஒன்றைத் தூக்கி வந்து அடுப்புக்கு மேல் நிறுத்தினார். அதன் கையில் ஒரு மாவுக்குழாய், பக்கத்திலேயே ஒரு சென்சார். கழுவி வைக்கிற கல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஆகவே கை மெல்ல இறங்கி வரும், சென்சார் இரும்பைக் கண்டதும் நிற்கும், அந்த உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி மாவு விடும்.

சொல்ல எளிது. முதல் தோசை பினாங்குத் தீவு மாதிரி வந்தது, தின்றேன். இரண்டாவது தோசைக்குள் கல் சூடு தாங்காமல் சென்சார் மயங்கிவிட்டது. கல் குளிர்ந்திருக்கும்போதே உயரம் பார்த்துவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைக்கும்படி மாற்றினார். தீபகற்பத்தின் பாதி மாநிலங்களை நான் சட்னியோடு தின்று முடித்தபோது தோசை கிட்டத்தட்ட வட்டத்துக்கு வந்திருந்தது. ஆனால் அடியில் ஒட்டியது.

இங்கேதான் நான் வருகிறேன். உதவி செய்கிறேன் என்று உபத்திரவம் செய்வதில் எனக்கு நிகர் நான்தான். ஞாயிறு காலை அங்கிள் குளிக்கப் போயிருந்தார். ஒட்டாது என்று கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்த புதுத் தோசைச்சட்டி என் கையில் இருந்தது. பழைய இரும்புக்கல்லை எடுத்துவிட்டு அதை வைத்தேன். மகன் முன்னால் தோசை கிழியக்கூடாது என்ற ஒரே நல்லெண்ணம்தான். அது கல்தூள் பூசிய அலுமினியம். மிஷின் அதைக் கண்டுகொள்ளாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லும் கறுப்பு, சட்டியும் கறுப்பு. அங்கிளின் கண் மகன் முகத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தினார். கை இறங்கியது. நிற்கவேண்டிய இடம் வந்தது, நிற்கவில்லை. குழாய் சட்டியில் குத்தி, சட்டி புரண்டு, மாவு மகனின் காற்சட்டையில் கொட்டியது. அங்கிள் நிறுத்தப் போனார். ஆடுகிற விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. மகன் எட்டிப் பிளக்கைப் பிடுங்கினார்.

"போதும்ப்பா," என்றார் மகன், ரொம்ப மெதுவாக.

அங்கிள் தரையில் கிடந்த சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரும்பா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு எந்த விளக்கும் தேவைப்படவில்லை. நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். தரையைத் துடைக்கத் துணி தேடினேன்.

"மிஷின் மேல தப்பு இல்ல," என்றார் அங்கிள். "என் கணக்குதான் தப்பாப் போச்சு. வயசாயிடுச்சு லா. நான் வரேன்ப்பா."

அடுத்த வாரம் மகன் காரோடு வந்தார். அங்கே கண்ணாடி அடுப்பு, இரும்புக்கல் வைத்தால் கீறிவிடும், ஆகவே மிஷினையும் இரும்புக்கல்லையும் என் வீட்டில் விட்டார்கள். காரில் ஏறும் முன் அங்கிள் சட்டைப்பையிலிருந்து சென்சாரை எடுத்து என் பையில் போட்டார்.

"கடைக்குப் போனா இதக் கொண்டு போ," என்றார், என் காதுக்கு மட்டும். "உனக்குச் சட்டி வாங்கத் தெரியல."

சுபாங் ஜெயாவுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் மகன் உபசரித்த காப்பியைக் குடித்துவிட்டு, லிப்ட் நன்றாக இருக்கிறது என்று பேசிவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை போனது அங்கிளின் சாவுக்கு.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், மிஷினை என் அடுப்புக்கு மேல் நிறுத்தி, இரும்புக்கல்லை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கை இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது, கை நின்றது. தோசை வட்டமாக வந்தது, அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு. 

இது அச்சாகும் இந்த வாரப் பத்திரிகையை அவர் மகன் வாங்குவார் என்று தெரியும். தம்பி, அன்றைக்குக் கல்லை மாற்றியவன் நான். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் கணக்கு கடைசி வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.