கோதண்டத்தின் வால் தப்பிய கதை

ஒரு காட்டில் பிராணிகள் குடியிருக்கும் வளைகளின் விலை கன்னாபின்னாவென்று ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யானைகளுக்குப் புறவழிச்சாலை வரப்போகிறதாம். சிங்கராஜா சும்மா இருப்பாரா? வளையை லாபத்துக்கு விற்கிறவர் தன் வாலை அறுத்து வரியாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். அத்தனை வாலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று என்னிடம் கேட்காதீர்கள். நாம் கட்டுகிற வரி எங்கே போகிறது என்று நமக்கு மட்டும் தெரியுமா?

அங்கே கோதண்டம் என்று ஒரு பெருச்சாளி இருந்தார். ஆற்றோரம் இருந்த தன் வளையைச் சுண்டெலிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மனைவி வேதவல்லியோடு வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். வேதவல்லி மாசமாக இருந்தாள். ஆற்றோர வளையை விற்றுப் பெரிய வளையாக வாங்கிக் குடிபோகலாம் என்று இருவருக்கும் ஆசை. ஆனால் கோதண்டத்துக்குத் தன் வால்மேல் உயிர். ஆடிட்டர் ஓணானிடம் ஓடினார்.

எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஓணான் இதற்கும் ஆட்டியது.

"விற்காதீர்கள். வளைக்கு வளை மாற்றிக்கொள்ளுங்கள். வால் இப்போதைக்குத் தப்பும்."

"அப்புறம்?"

"அப்புறமும் மாற்றிக்கொள்ளுங்கள்."

ஒரே ஒரு நிபந்தனை. மாற்றி வாங்கிய வளையை வாடகைக்குத்தான் விட வேண்டும். சொந்தக்காரர் குடிபோனால் வால் போச்சு.

கோதண்டம் மாற்றினார், மறுபடி மாற்றினார். கடைசியில் காட்டிலேயே பெரிய வளை அவருடையது. உள்ளே முயல் குடும்பம் கால் நீட்டித் தூங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"பிள்ளை பெத்துக்க எனக்கு ஒரு இடம் வேணும். உங்க வாலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் வேதவல்லி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓணான் அதற்கும் வழி சொன்னது. மனைவி குடியிருந்தால் சொந்தக்காரர் குடியிருந்த மாதிரி. விவாகரத்து செய்துவிட்டால் அவள் வெறும் வாடகைதாரர். அப்படியே செய்தார்கள். முயல்கள் காலி செய்தன. வேதவல்லி அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோய் நல்லபடியாகக் குட்டி போட்டாள்.

பிள்ளைகளைப் பார்க்கக் கோதண்டம் நனைந்துகொண்டே வந்து நின்றார்.

"வீட்டுக்காரர் ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டுத்தான் வரணும். ஒப்பந்தத்துல இருக்கு. உங்க ஆடிட்டர்தான் எழுதினார்," என்றாள் உள்ளேயிருந்து. சரி, நாளைக்கு வருகிறேன் என்று அவர் வாசலிலேயே படுத்துக்கொண்டார். அந்தப் பக்கமாக உலாவ வந்த சிங்கராஜா பசியோடு இருந்தார்.

காலையில் வேதவல்லி வெளியே வந்து பார்த்தாள். வால் மட்டும் கிடந்தது. வரி கட்ட வேண்டிய நாள் வராததால் சிங்கம் அதைத் தொடவில்லை.

அவள் வாய்விட்டு அழுதாள். துக்கம் விசாரிக்க வந்த ஓணான் தலையாட்டியபடியே சொன்னது: "மனசைத் தேத்திக்கோங்கம்மா. செத்தவருக்கு வரி கிடையாது. பிள்ளைகள் வளையை இன்றைய விலைக்கே வாங்கின மாதிரி கணக்கு. நாளைக்கே விற்றாலும் லாபம் இல்லை, அவர்கள் வாலும் தப்பியது. இவ்வளவு சுத்தமாக முடிந்த கேஸ் எனக்கு இதுதான் முதல்."

நீதி: உயிரை விட்டால் வரி முழுக்க மிச்சம். ஆடிட்டர் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.