ஒரே ஒரு தும்மல்

நாலு ஃபோனும் ஒரே சமயத்தில் அடித்தன. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அன்று வேலைக்கு வந்திருந்தவர் சீனியர் மட்டும்தான். மற்ற மூவருக்கும் சளிக் காய்ச்சல்.

"ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறேன் சார், சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

நானும் அப்படித்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. "இதோ கிளம்பிட்டாங்க" என்று வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

சீனியருக்கு ஜலதோஷமே வருவதில்லை. சாப்பாடு முடிந்ததும் மனைவி நீட்டும் ஜிங்க் மாத்திரைதான் காரணம் என்பது அவர் நம்பிக்கை. கூட ஒரு ஆளாவது தேறட்டும் என்று, மறுநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த டைப்பிஸ்டுக்கு ஒன்றைக் கொடுத்தார். அவள் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, குமட்டலோடு மத்தியானமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாமும் படுத்தால் என்ன என்று சீனியருக்குத் தோன்றிவிட்டது. மாத்திரையை விழுங்காமல் சட்டைப் பையில் பதுக்கினார். துணி துவைக்கும்போது அகப்பட்டுக்கொண்டது. அதன்பின் அவர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் மனைவி இடத்தை விட்டு நகர்ந்தாள்.

காய்ச்சலில் கிடந்த சக ஊழியர் வீட்டுக்குப் போய், அவர் இருமுகிற பக்கமாகவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை. நோயாளிதான் கண்கலங்கினார்.

"உங்களை மாதிரி மனுஷன் உண்டா அண்ணே? இந்த வாரம் பூரா என் ஃபோனையும் நீங்களே பார்த்துக்கங்க."

கடைசியில் சீனியர் மருந்துக்கடையில் போய் நின்றார்.

"ஜிங்க் மாத்திரையை நிறுத்தினா சளி பிடிக்குமா?"

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உடம்புல ஜிங்க் கம்மியா இருந்தா எதிர்ப்புச் சக்தி குறையும், சரி. போதுமான அளவு இருக்கறவங்களுக்கு இதனால பெரிசா ஒண்ணும் கிடைக்காது. அளவு மீறி மாசக்கணக்கா முழுங்கினா, இருக்கிற சக்தியும் கெடும். எந்த டாக்டர் எழுதிக் குடுத்தார்?"

எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. சீனியருக்கு உயிர் வந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"இனிமே அந்த மாத்திரையை வாங்காதே. கடைக்காரரே வேண்டாம்னுட்டார்."

"நான் எங்கேங்க வாங்கறேன்?" என்றாள் மனைவி. "மாசம் பொறந்தா உங்க மேனேஜர்தான் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறார். சொன்னா நீங்க கூச்சப்படுவீங்களாம். 'யார் படுத்தாலும் அவர் மட்டும் படுத்துடக் கூடாது, பார்த்துக்கம்மா'ன்னார்."