பதினோரு மணிப் பேய்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ர, ற இரண்டும் எனக்கு ஒன்றுதான். பிழைகளைப் பொறுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். நேரில் வந்து சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழும்பாது.

ஏற்காட்டில் உள்ள பேய்களில் முக்கால்வாசியைப் பெற்றுப்போட்டது ஒரே ஆள்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பூ விற்பவர் பூக்காரர், பால் ஊற்றுபவர் பால்காரர், இவர் பேய்க்காரர். வெயில் காலத்திலும் குரங்குக் குல்லாய், கையில் கறுப்புக் குடை. பஸ்ஸிலிருந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களை மடக்கி, இடிந்த கட்டடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவார். பழைய காபிக் கொட்டடியில் கணக்கு எழுதும் ரைட்டர் பேய். பாழடைந்த குதிரை லாயத்தில் குதிரையே பேய்.

அதிலும் அவருக்குச் சட்டதிட்டம் உண்டு. சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு பேய்கூட வைக்க மாட்டார். "சாமி இருக்கற எடத்துல நம்ம சோலி எதுக்குங்க?" என்பார். ஒரு லாட்ஜ்காரர் கூப்பிட்டு, "எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டே விட்டார். இவர் கட்டடத்தைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"புதுக் கட்டடத்துல பேய் ஒட்டாதுங்க. கொஞ்சம் காரை உதிரட்டும்."

இப்படிப்பட்டவர் கண்ணில் நான் பட்டேன். அதுதான் என் கெட்ட நேரம்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய பங்களாவுக்கு நான் காவல்காரன். பின்னால் இருக்கிற சின்ன வீட்டில் மனைவியோடும் மகள் கோமதியோடும் குடியிருக்கிறேன். இங்கே அடிக்கிற பனிக்கு மரமெல்லாம் பூஞ்சை பிடிக்கும். அதனால் வெயில் எட்டிப் பார்க்கிற பதினோரு மணிக்கு மாடி ஜன்னல்களைத் திறந்து துடைப்பேன். ஒருநாள் அப்படித் துடைக்கும்போது கீழே கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடை என்னை நோக்கி நீண்டிருந்தது.

"மெதுவாப் பேசுங்க, அவருக்குக் காது நொம்ப நல்லாக் கேக்கும். துரையோட பட்லருங்க. சீமைக்குப் போன துரை திரும்பி வருவாருன்னு காபி போட்டு வெச்சுக்கிட்டே செத்துப்போனாரு. தெனம் பதினோரு மணிக்கு வந்து ரோட்டப் பாப்பாரு."

கூட்டம் போனபின் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். திக்கித் திணறிக் கேட்டும் விட்டேன்.

"ஏனுங்க, நான் உசுரோடதானுங்களே இருக்கேன்?"

"அது உங்களுக்குத் தெரியுதில்லங்க, போதும். அவுங்களுக்கு எதுக்குங்க?"

மறுவாரம் ஜன்னலைத் திறக்கவில்லை. "இன்னைக்குக் கோவமா இருக்காரு" என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே பக்கத்து ஊரான வெள்ளக்கடைக்குப் போய்விட்டேன். "இப்ப உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கறாரு" என்றாராம். ஓடியவர்களில் ஒருவர் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதோடு விட்டாரா? என்மேல் குறை வேறு.

"போன வாரம் நீங்க தும்மிட்டீங்க. பேய் தும்முமாங்க? அப்புறம் அந்தச் செவப்புத் துண்டு வேண்டாங்க. வெள்ளச் சட்டை ஒண்ணு போட்டுக்கங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கும் வரைக்கும்.

வாழவந்தியிலிருந்து நல்ல இடம் வந்தது. பையன் ஜீப் ஓட்டுகிறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. முன்பே ஒரு கல்யாண வீட்டில் பார்த்துக் கோமதிக்கும் பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பையன், அவன் அம்மா, பெரியப்பா மூவரும் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடிக்கும்போதே பெரியப்பா என்னை முறைத்து முறைத்துப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து நீட்டினார். யாரோ எடுத்த வீடியோ. மாடி ஜன்னல், பனி, நடுவில் நான். அதே சிவப்புத் துண்டு அப்போதும் என் தோளில் கிடந்தது.

"இது நீங்கதானுங்களே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"உசுரோட இருக்கற மனுசன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலாமில்லங்க?"

"அவரு பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க" என்றாள் என் மனைவி.

பெரியப்பா வாசலுக்கு என்னைக் கூட்டிப்போய்த் தரையைப் பார்த்தார். நிழல் விழுகிறதா என்று பார்க்கிறாராம். நல்ல பனி. அன்று மாப்பிள்ளைக்கும்தான் நிழல் இல்லை.

"உசுரோட இருக்கறவரச் செத்தவருன்னு ஊரே பேசுது. அந்தப் பேச்சு பொண்ணோடயே எங்க ஊட்டுக்கும் வருமில்லீங்க? சொன்ன வாயே இல்லைன்னு சொல்லோணும். அப்புறந்தான் மத்த பேச்சு" என்றார். பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கதவுக்குப் பின்னால் கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டுப் பக்கம் குடை தெரிந்தது. மணி பதினொன்று.

நான் நடந்தேன். ஆத்திரத்தில் கால் தானாகப் போயிற்று. பேய் ஜன்னலில் நிற்பதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் பேய் கேட்டைத் திறந்துகொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அலறிக்கொண்டு சிதறினார்கள். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர்கள் இன்னும் அலறினார்கள்.

"பிரமாதங்க!" என்று என் காதில் கிசுகிசுத்தார் பேய்க்காரர்.

பெரியப்பாவோடு பின்னாலேயே வந்த என் மனைவி போட்டு உடைத்தாள். "உங்க பேயால எம்பொண்ணு கல்யாணம் நிக்குதுங்க. நல்லா இருப்பீங்களா நீங்க?"

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். வாசலில் நின்ற கோமதியைப் பார்த்தார். குடையை மடக்கினார். குல்லாயைக் கழற்றினார். அவருக்கு முழு வழுக்கை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பேயெல்லாம் இல்லீங்க. இவரு இந்த பங்களாக் காவக்காரரு. பட்லரு கதை நான் கட்டுனது."

"அப்ப மத்த பேயெல்லாம்?" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்.

அதெல்லாம் நிஜம் என்று சொல்லியிருக்கலாம். அவர் பிழைப்பு தப்பித்திருக்கும். ஆனால் பெரியப்பா விடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே நான் கட்டுனதுதானுங்க."

பெரியப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். இங்கே கூட்டத்தில் ஒருவர் பேய்க்காரர் சொன்னதையெல்லாம் வீடியோ எடுத்திருந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பேய்க்காரர் புதுக் குல்லாயில் வந்து, பந்தியில் இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கினார். போகும்போது என் கழுத்து மாலையைச் சரிசெய்துவிட்டு, "மாலை உங்களுக்கு நொம்ப எடுப்பா இருக்குங்க. இதோட போட்டோ எடுத்துச் செவுத்துல மட்டும் மாட்டிராதீங்க. மறுபடியும் நான் வந்து சாட்சி சொல்ல முடியாது" என்றார். இந்த ஆளை என்ன செய்வது?

அவர் ஒப்புக்கொண்ட அந்த வீடியோ பரவி அவரிடம் ஆள் வருவது நின்றது. பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு சும்மா உட்கார்ந்திருப்பார். சனி, ஞாயிறு பதினோரு மணிக்கு நான் நிம்மதியாக ஜன்னல் துடைத்தேன். வேண்டிய மட்டும் தும்மினேன். ஏனோ ரோட்டை ரோட்டைப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் அறையைக் கூட்டும்போது வெளியே அவர் குரல் கேட்டது. ஒரு புருசன், ஒரு பெண்சாதி, இரண்டே பேர்தான்.

"இது துரை கட்டுன பங்களாங்க. நொம்பப் பழசு. அவ்வளவுதானுங்க."

"பேய் இருக்குன்னு சொன்னாங்களே?" என்றார் அந்தப் பெண்.

"அதெல்லாம் சும்மாங்க."

அப்படி ஒரு சோர்ந்த குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். சிவப்புத் துண்டை எடுத்துக் கதவில் மாட்டினேன். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பொத்தானைப் பூட்டினேன். வாழவந்திப் பெரியப்பாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும். ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்த்தபடி நின்றேன்.

கீழே குடை கொஞ்சம் கொஞ்சமாக என்னை நோக்கி உயர்ந்தது.

தூசிக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எழுதி முடித்தது: ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை.