ஏறுகிற வண்டிக்கு வழி

2004 பிப்ரவரி 18, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். வாசலைப் பெருக்கி, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, முந்தின நாள் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். ரைட்டராகக் கணக்கெழுதும் எஸ்டேட் ஆபீஸுக்குக் கிளம்பப் புடவையை எடுக்கும்போது பக்கத்து வீட்டு மரகதக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ரைட்டரம்மா, சித்த வாங்க. இவரு மறுபடியும் படிக்கிட்ட நின்னுட்டாரு."

அது வரைக்கும் அன்றைய நாட்குறிப்பு ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பிறகு கையெழுத்தே கோணல்.

'இவரு' என்று அக்கா சொன்னது அவளுடைய கணவர் பாம்பாமை. ரேஷன் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை அந்த அட்டையைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை. சேர்வராயன் மலை முளைத்த நாளிலிருந்து இந்த ரோட்டில் அவரைப் போல ஹாரன் அடித்த மனிதன் கிடையாது. இனிப் பிறந்தாலும் அவனுக்கு அவ்வளவு மூச்சு இருக்காது.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டினார். ரப்பர் பந்தை அமுக்கி ஹாரன் அடித்த காலம். மற்ற டிரைவர்கள் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை அடிப்பார்கள். இவர் வளைவு வருமுன் ஒன்று, வளைவில் ஒன்று, வளைந்த பிறகு அதற்கு நன்றி சொல்வதுபோல் இன்னொன்று அடிப்பார். அவர் அடிவாரத்தில் அமுக்கியதைக் கேட்டு, மேலே ஏற்காட்டின் நடுவிலிருக்கும் ஒண்டிக்கடையில் டீ மாஸ்டர் பாலை அடுப்பில் ஏற்றுவார் என்று சொல்வார்கள். நான் நம்பியதில்லை. டீ மாஸ்டர் நம்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஹாரன் நிற்காது. கடை மூலை திரும்பினால் வாயாலேயே "பாம் பாம்!" கோயில் பிரகாரம் சுற்றும்போது நான்கு மூலையிலும் "பாம் பாம்!" பூசாரி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, எல்லாரும் ஒரே பக்கமாத்தான சுத்தறாங்க? எதுக்க யாருங்க வரப்போறா?"

"ஒன்வேயிலதாங்க ஆக்சிடெண்டு ஜாஸ்தி" என்றார் பாம்பாம்.

மலைப் பாதையில் ஒரு விதி உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். மற்றவர்களுக்கு அது விதி, அவருக்கு அது பக்தி. ஒரு தடவை எஸ்டேட் முதலாளி ஒருவர் ஜீப்பில் இறங்கி வந்து, வளைவில் இவருக்கு எதிரே நிறுத்திவிட்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னார். பாம்பாம் இன்ஜினை அணைத்தார். கைப்பிரேக்கை இழுத்தார். தூக்குப் போசியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"நான் யாருன்னு தெரியுமாய்யா?"

"தெரியலீங்க. இறங்கற வண்டின்னு மட்டும் தெரியுது."

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிக் கொய்யாக்காய் பறித்துத் தின்று முடித்த பிறகு ஜீப் பின்னால் போனது. ஆனால் இவர் இறங்குகிற முறை வந்தால் ஆளே வேறு. விறகுக் கட்டோடு ஏறி வருகிற கிழவிக்குக்கூட பஸ்ஸை ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி, "போங்க ஆத்தா" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மறதி நோய் வந்தால் யாருக்குத் தெரியும்? ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, ஒரு நாள் சோற்றுத் தட்டோடு வந்த அக்காவிடம், "நீங்க எங்க இறங்கோணும்?" என்று கேட்டார்.

"உங்க தலையிலதான்" என்றாள் அக்கா. நானும் அங்கே இருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

பிறகு ஒண்டிக்கடையில், அவருக்காகப் பால் காய்ச்சிய அதே டீ மாஸ்டரிடம் போய், "ஏனுங்க, ஏற்காட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார். டீ மாஸ்டர் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. ஏற்காட்டின் நடுவில் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கானவர்களை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதர் கேட்கிறார்.

சேலத்து டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். இது வயசுக் கோளாறு இல்லை, பிடிவாதமும் இல்லை. மூளையைப் பிடித்த நோய். கத்தியோ வாதாடியோ ஜெயிக்க முடியாது. அவர் எந்த உலகத்தில் இருக்கிறாரோ அங்கே நீங்கள் போங்கள் என்றார். அக்கா திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அந்த உலகத்துக்கு எந்த பஸ்ஸு போகுதுன்னு டாக்டரு சொல்லலீங்களே ரைட்டரம்மா."

இனி அந்தப் புதன்கிழமை. எங்கள் வரிசையில் எல்லா வீடும் சரிவில் கட்டியவை. முன்னறை மேலே, குறுகலான படிகளில் இறங்கினால் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. படியில் ஒருவர்தான் போகலாம். சமையலறைக்குத் தனியாகப் பின்கதவு உண்டு. நான் அந்த வழியாக நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன்.

படியின் மேல்முனையில் பாம்பாம் நின்றார். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் மகன் செந்தில். சேலத்தில் மில் சூப்பர்வைசர். அப்பாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக விடிகாலையிலேயே ஜீப் பிடித்து வந்திருந்தான். சந்து இறக்கத்தில் ஜீப் நின்றது. போவதற்கு முன் குளிக்க வைக்க வேண்டும். அவர் நகரவில்லை. ஒரு வாரமாகவே இந்தக் கதைதான். படியருகில் வந்தால் நின்றுவிடுவார், சோறு கீழே ஆறிப்போகும்.

"அப்பா, இது ஊடு! பஸ்ஸே இல்ல! நீங்க ரிட்டயர் ஆயாச்சு!"

"யாருப்பா நீ? டிக்கெட் எடுத்தியா?"

செந்தில் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"பின்னாடி எவன்டா முட்டறது? பிரேக் புடிச்சிருக்கேன்ல!"

நான் அதிர்ந்தது அந்தச் சத்தத்துக்கு இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. முதலாளி ஜீப்புக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், சொந்த வீட்டுப் படியில் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"விடு சாமி, அங்கயே துடைச்சு விட்டுறலாம்" என்றாள் அக்கா. ஒரு வாரமாக அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. படி ஏற முடியாமல், மேலே போவதென்றால் பின்கதவு வழியாகச் சந்தைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தாள். அதனால் வெந்நீர் வாளியை நான் தூக்கினேன். என் உடம்புக்குப் படி ஏறுவதே பெரிய வேலை. வாளியோடு ஏறினால் மூச்சு எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. உஸ்ஸ், உர்ர் என்று இரைந்துகொண்டு முதல் படியில் கால் வைத்தேன்.

அவர் முகம் மாறியது. நிலையைப் பிடித்த கைகள் தளர்ந்தன.

"பாம் பாம்!"

சட்டென்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, வலக்கையை நீட்டி, "வாங்க, வாங்க! லோடு இருக்குதுல்ல, ஏறுங்க!" என்றார்.

நான் ஏறினேன். என்னை முழுக்கப் போகவிட்டுப் பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மனிதர் தானாகப் படியிறங்கிக் குளியலறைக்குப் போய்விட்டார். மேலே செந்தில் நீட்டிய கையோடு நின்றான். நான் வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றேன்.

"அட முருகா" என்றாள் அக்கா கீழேயிருந்து. "எதுக்க வண்டி வருதுன்னுல்ல இத்தன நாளும் நின்னிருக்காரு!"

தினமும் காலையில் அவள் மிக்ஸியில் சட்னி அரைப்பாள், மற்ற வேளைகளில் பம்ப் ஸ்டவ் இரையும். மேலே நிற்பவருக்கு அது முதல் கியரில் ஏறிவருகிற லாரி. முன்பெல்லாம் அக்கா பாத்திரத்தோடு படியேறி வந்துவிடுவாள். அவர் ஒதுங்கி வழிவிட்டுப் பிறகு இறங்குவார். முழங்கால் வீங்கியதிலிருந்து லாரி வரவே இல்லை. அவர் பசியோடு, நனைந்த வேட்டியோடு, வராத லாரிக்காகக் காத்திருந்தார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தோம். அவர் மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

குளித்தார். இட்லி சாப்பிட்டார். செந்தில் என் பக்கம் திரும்பினான்.

"நல்லதாப் போச்சுங்க. ஜீப்பு வரைக்கும் நீங்க இதே மாதிரி எதுக்க ஏறி வாங்க. அவரே இறங்கி வந்துருவாரு, ஏத்திரலாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா இட்லித் தட்டை நங்கென்று வைத்தாள்.

"இது அவரைக் குளிக்க வெக்கக் கண்டுபுடிச்சது. ஊட்ட விட்டு இறக்கறதுக்கு இல்ல. உன்ற மாடி ரூமுக்கு வெளியில தாப்பா போட்டு வெச்சிருக்கியே, அங்க இவருக்கு எதுக்க யாருடா வருவா?"

"வேற என்னம்மா பண்றது? போன வாரம் குப்பனூர் ரோட்டுல எவ்வளவு தூரம் போயிட்டாரு! ஆரோ பாத்ததுனால ஆச்சு. நீயும் சறுக்கி விழுந்தா ரெண்டு பேரையும் நான் எங்க தேடுவேன்?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஆபீஸுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, கீழே சமையலறையில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். ஜீப் டிரைவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் டீ வாசனைக்கு பாம்பாம் மறுபடியும் படியின் மேல்முனையில் வந்து நின்றார். நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீங்க இருங்க. செந்திலு போகட்டும்."

முன்னறையில் இருந்த செந்தில் சந்தைச் சுற்றிப் பின்கதவு வழியாக வந்து படிக்குக் கீழே நின்றான். ஒரு மில்லில் இத்தனை பேரை மேய்க்கிறவன், எங்கள் இருவரையும் பார்த்து வெட்கப்பட்டான். சத்தமில்லாமல் ஏறினான். அப்பா அசையவில்லை. முகத்துக்கு முகம்.

"ஆரன் எங்கடா? வளைவுல திருட்டுத்தனமா வர்றே? எவன்கிட்ட வண்டி கத்துக்கிட்டே?"

செந்தில் கீழே இறங்கினான். தரையைப் பார்த்தபடி, "பாம்" என்றான்.

"சோறு திங்கலியா?"

"பாம் பாம்!"

"அது!" என்றார் அவர். சுவரோடு ஒட்டிக்கொண்டார். குறுகலான படி; மார்போடு மார்பு உரச மகன் தாண்டிப் போனான். போகும்போது அவர் அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போ சாமி. மேல பனி ஜாஸ்தி. லைட்டு போட்டுக்க."

மகன் என்று தெரிந்து சொன்னாரா, ஏதோ ஒரு லாரிக்காரன் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. செந்திலுக்கும் தெரிந்திருக்காது. அவன் முன்னறையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் ஜீப்பை அனுப்பிவிட்டு வந்தான். அன்றே இரண்டு வாசல் கதவுகளுக்கும் அவர் கை போகாத உயரத்தில் கொக்கி வைத்தான். சனிக்கிழமை தவறாமல் வருகிறேன், அக்கா முழங்காலுக்குச் சேலத்தில் காட்டுகிறேன் என்றான். சாயங்காலம் படியேறி வர டீ மாஸ்டரிடம் சொல்லி வைக்கலாம், அவர் மறுக்க மாட்டார் என்றாள் அக்கா. பாக்கி இருந்தது காலை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"காலையில எனக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குதுக்கா" என்றேன். "தவிர, நான் ஆபீஸ் போற பொம்பள. நின்னு பாம் பாம்னு கத்தறதாவது!"

"நீங்க கத்தவே வேணாம். ஏறுனாப் போதும்" என்றாள் அக்கா. "உங்க மூச்சே டீசல் லாரியாட்டம்தான இருக்குது."

கோபமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 19, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கவில்லை, வாசல் பெருக்கவில்லை. முதல் வேலையாக அக்கா வீட்டுப் பின்கதவு வழியாகப் போய், படிக்குக் கீழே நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வாயைத் திறந்து ஹாரன் அடித்தேன். மேலே அவர் எனக்காக ஏற்கெனவே ஓரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.