விஞ்சுக்குப் போட்ட ஃபேன் ஒயர்

ஒரு காட்டில், எந்தக் காடு என்றெல்லாம் கேட்டால் கதை நகராது, தாண்டவராயன் என்று ஒரு கரடி இருந்தான். அவனிடம் ஒரு ஜீப் இருந்தது. ஜீப்பின் மூக்கில் புத்தம் புதிய விஞ்ச் இருந்தது. மோட்டார், உருளை, உருளையில் சுற்றிய இரும்புக் கயிறு, நுனியில் கொக்கி. சேற்றில் மாட்டிய எதையும் இழுத்துப் போடும். பேட்டரியோடு இணைத்தால்.

இணைக்கவில்லை. விஞ்ச் வாங்கியதைக் காடு முழுக்கச் சொல்லி முடிக்கவே நேரம் போதவில்லை, கேபிள் யார் வாங்குவது?

அன்றைக்குப் பார்த்து எருமை பொன்னுத்தாயி குளத்துச் சேற்றில் சிக்கினாள். எருமைக்குச் சேறு புதுசா என்று சிரித்தவர்கள், அவள் வயிறுவரை அமுங்கியதும் வாயை மூடினார்கள். மேற்கே மலையில் கொட்டுகிற மழை. வெள்ளம் வந்தால் அவள் மூக்குகூட மிஞ்சாது.

தாண்டவராயனின் மனைவி அமிர்தவல்லி கான்வென்ட்டில் பிசிக்ஸ் படித்தவள். "என்னங்க, விஞ்சுக்குக் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் வேணும். போதாக்குறைக்குப் பேட்டரியைப் பின்சீட்டுக்கு அடியில கொண்டுபோய் வச்சிருக்கீங்க. தூரம் கூடினா இன்னும் தடியா வேணும். லாரிப் பட்டறையில இருக்கும், ஒரு ஓட்டம் போயிட்டு வந்துடுங்க."

"எதுக்கு ஓடணும்?" என்று நரி குணசீலன் நடுவில் புகுந்தான். குணசீலனுக்கு எல்லா வேலையும் தெரியும். எந்த வேலையும் செய்ததில்லை. "மச்சான், போர்டிகோ ஃபேனுக்கு ஒயர் இழுத்தோமே, மிச்சம் பரண்ல கிடக்கு. அது இருநூத்தி முப்பது வோல்ட்டைத் தாங்கின ஒயர். இது வெறும் பன்னிரண்டு! தூங்கிக்கிட்டே தாங்கும்."

"அட, ஆமாம்ல!" என்றான் தாண்டவராயன்.

அமிர்தவல்லி பல்லைக் கடித்தாள். "அண்ணே, வோல்ட் கம்மியானா ஆம்பியர் கூடும். ஃபேன் ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. விஞ்ச் நானூறு இழுக்கும். ஒயரைச் சுடறது அந்த ஆம்பியர்தான். ஊர்க் கல்யாணத்துச் சாம்பாரை இடியாப்ப அச்சுல ஊத்தியா பரிமாறுவீங்க?"

"தங்கச்சிக்கு எப்பவும் சமையல் ஞாபகம்," என்றான் குணசீலன். காடே சிரித்தது.

"ஒரு ஃபியூஸாவது போடுங்க!"

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல ஃபியூஸ் போற பேச்சா!" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒயரைக் கட்டியாயிற்று. பூஜை போடாமல் சுவிட்சைத் தொடலாமா? விஞ்சுக்குச் சந்தனம், குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். இரண்டு மரங்களுக்கு நடுவே 'விஞ்ச் வேந்தே வருக!' என்று ஃபிளெக்ஸ். அதில் கரடியைவிட நரியின் படம் பெரிது.

"யக்கா, கழுத்துக்கு வந்துருச்சு!" என்று பொன்னுத்தாயி அலறினாள்.

"இரும்மா, பூசணிக்காய் உடைக்கணும்," என்றான் குணசீலன்.

அவர்கள் உடைக்கிற நேரத்தில் அமிர்தவல்லியே சேற்றில் இறங்கி, எருமையின் நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டிக் கொக்கியை மாட்டினாள்.

தாண்டவராயன் ஜீப்பில் ஏறி சுவிட்சை அழுத்தினான். விஞ்ச் 'ம்ம்ம்' என்றது. அவ்வளவுதான். ஒயர் முதலில் நெளிந்தது. அப்புறம் அதன் மேல்தோல் நெய்யாக உருகிச் சொட்டியது. அப்புறம் சீட்டுக்கு அடியிலிருந்து தீயும், காணாததைக் கண்ட மாதிரி கரும்புகையும் கிளம்பின. புகை நேராக மேலே மருதமரத்துத் தேன்கூட்டுக்குள் போயிற்று.

தேனீக்கள் இறங்கின. யார் தப்பு என்று விசாரிக்க அவற்றுக்குப் பொறுமை இல்லை. கண்ணில் பட்டதிலேயே பெரிய மூக்கைத் தேர்ந்தெடுத்தன.

"ம்ம்ம்மா!"

பொன்னுத்தாயி ஒரே எம்பில் எதிர்க்கரையில் இருந்தாள். நிற்கவில்லை, ஓடினாள். கொக்கி கழலவில்லை, உருளை இறுகிவிட்டது. ஆகவே ஜீப்பும், ஜீப்புக்குள் தாண்டவராயனும் அவள் பின்னாலேயே குளத்துக்குள் போனார்கள். தீ அணைந்தது. பட்டை அறுந்தது. எருமை கிடந்த குழியில் ஜீப் சப்பணமிட்டு உட்கார்ந்தது.

"இழுத்துருச்சு! விஞ்ச் இழுத்துருச்சு!" காடு துள்ளியது. யார் யாரை இழுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. குணசீலனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

"விஞ்ச் ஒரு சுத்துகூடச் சுத்தலையே!" என்று கத்தினாள் அமிர்தவல்லி.

குணசீலன் தோள்மேல் இருந்தபடியே குனிந்தான். "தங்கச்சி, நீ சொன்ன தடிக் கேபிளைப் போட்டிருந்தா புகை வந்திருக்குமா? புகை இல்லாம தேனீ வருமா? தேனீ இல்லாம அந்தம்மா எந்திரிச்சிருக்குமா? ஒரு உயிரைக் கொன்னிருப்பியே!"

ஆட்டம் நின்றது. எல்லாரும் அமிர்தவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னுத்தாயி சுரைக்காயாய் வீங்கிய மூக்கோடு வந்து நின்றாள். "ஏன்க்கா, நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

குளத்துக்குள்ளிருந்து ஹாரன் சத்தம். "யாராவது என்னை வெளியே எடுங்கப்பா! வெள்ளம் வருது!"

அமிர்தவல்லி வீட்டுக்குப் போனாள். பரணில் ஏறி, இன்னும் மிச்சமிருந்த ஃபேன் ஒயர்ச் சுருளை எடுத்து வந்து குணசீலன் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்கண்ணே. உங்க மச்சானை நீங்களே எடுத்துடுங்க. தேன்கூடு இன்னொண்ணு அந்தப் புளியமரத்துல இருக்கு."

நீதி: சரியான கேபிளைச் சொல்லிக் கொலைகாரி என்று பெயர் வாங்குவதைவிட, ஃபேன் ஒயரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தேனீக்களை நம்பி உட்காருவது உடம்புக்கு நல்லது.