கோபத்துக்கு எண்பத்திரண்டு

“வந்துச்சா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இல்ல மேடம். எழுபத்தெட்டு. நல்ல பிள்ளையாட்டம் துடிக்குது” என்றார் திரை முன்னால் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன்.

மேஜையில் மல்லாந்து கிடந்த எலெக்ட்ரீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத் தொழில். சட்டென்று கோபத்தில் எரிந்துபோகிற ஆள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஃபியூஸ்காரர். அவருக்குப் பிடிக்காத ஜாதி உலகத்தில் ஒன்றுதான். “நேத்து வரைக்கும் எரியலீங்க, உங்களைப் பார்த்ததும் எரியுது” என்று பல்லை இளிக்கும் வீட்டுக்காரர்கள். “பழுதைக் காட்ட வக்கில்லை, ஆளை மட்டும் எதுக்குக் கூப்பிடுறீங்க?” என்று அவர்களை வாசலிலேயே வறுத்தெடுப்பார். இப்போது அவருடைய இதயமே அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது.

“ரெண்டு வருஷமா கூப்பிடாமலே வருது மேடம்! இன்னைக்கு மட்டும் என்ன கேடு?”

“அசையாதீங்க” என்றார் டாக்டரம்மா. அவர் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்பதே கஷ்டம்.

ஃபியூஸ்காரரின் தொடை இடுக்கு வழியாக மூன்று கதீட்டர்கள் இதயத்துக்குள் போயிருந்தன. வயர் போல மெல்லிய குழாய்கள். அவற்றின் நுனி தொட்ட இடத்தில் மின்சாரம் எப்போது வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து, இதயத்தின் வரைபடம் கலர் கலராக வளர்ந்துகொண்டிருந்தது.

“பிறக்கும்போதே உங்க இதயத்துல ஒரு வயர் அதிகம்” என்று காலையிலேயே விளக்கியிருந்தார் டாக்டரம்மா. “கரண்ட் அது வழியா திரும்பி வந்து சுத்துறப்பதான் படபடப்பு வருது. சுத்துறப்ப பார்த்தாதான் வயர் எங்கேன்னு தெரியும். தெரிஞ்சா பொசுக்கிடலாம். சும்மா இருக்கிறப்ப எதைப் பொசுக்குறது?”

நியாயமான பேச்சு. தொழில் தெரிந்தவர் பேச்சு. ஆனால் அடுத்து சொன்னதுதான் இடித்தது. இன்று வராவிட்டால் கதீட்டரை உருவிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏணி ஏறலாம் என்று எழுதித் தர மாட்டார்கள். எட்டு மாதம் முன்பு படபடப்பு வந்து ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து கம்பெனியில் அவரை ஸ்டோரில் உட்கார வைத்து, வருகிறவர்களுக்கு பல்பு எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பல்பு! காலையில் டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லும்போதே அவருக்குக் காது சிவந்துவிட்டது.

இதயத்தை வேகப்படுத்த ஊசி மருந்து ஏற்றினார்கள். நூற்றுப் பத்துக்குப் போனது, வரிசை கலையாமல், ஒழுங்காக. மருந்து தீர்ந்ததும் ஒழுங்காகவே திரும்பி வந்தது.

“எப்பெல்லாம் வரும் உங்களுக்கு?” என்றார் டாக்டரம்மா.

“கோபம் வந்தா வரும். முதல் தடவை பொண்ணோட பள்ளிக்கூடத்துல. இருபது நிமிஷம் அந்த டீச்சர் என்னைக் காய்ச்சி எடுத்துச்சு. பொண்ணு படிப்பாச்சேன்னு வாயைத் திறக்கலை. ரெண்டாவது, கம்பெனில. நேத்து முளைச்ச எஞ்சினியர் எனக்கு வயர் கலர் சொல்லித் தர்றான். முதலாளி பக்கத்துல நின்னாரு, தலையை ஆட்டிட்டு நின்னேன். மூணாவது, ஏணி மேல. கீழே வீட்டுக்காரர், ‘என் மச்சான் வீடியோவுல பார்த்திருக்கான், நீங்க பண்றது தப்பு’ங்கறாரு. பெரிய வேலை, மூணு மாச வேலை. பல்லைக் கடிச்சேன். அப்புறம் தரையிலதான் கண் முழிச்சேன்.”

“மூணு தடவையும் கோபம்” என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.

“அப்போ என்னைக் கோபப்படுத்துங்க! அதுக்குக் கூடவா ஆள் இல்ல இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில?”

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தொண்டையைச் செருமினார். “உங்களுக்கு... அறிவிருக்கா?” என்றவர், உடனே “சாரி சார்” என்றார்.

“இதெல்லாம் ஒரு திட்டா?” என்று ஃபியூஸ்காரர் பொங்கினார். “எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லாத் திட்டும்!”

“எண்பது” என்றார் டெக்னீஷியன். பிறகு தன் பங்குக்கு, “எலெக்ட்ரீஷியன் வேலையில என்ன சார் இருக்கு? ரெண்டு வயரை முறுக்கி டேப் ஒட்டுறதுதானே” என்றார்.

அடுத்த ஐந்து நிமிடம் அந்த அறையில் வேறு யாரும் பேசவில்லை. டெக்னீஷியனின் படிப்பு, மூக்கு, அவர் உட்கார்ந்திருந்த தோரணை, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரே ப்ளக்கில் தொங்கிய நாலு வயர் என்று எதையும் விடாமல், மூச்சு வாங்காமல் பிடிபிடியென்று பிடித்தார் ஃபியூஸ்காரர். முகம் செம்பருத்தியாகிவிட்டது.

“எண்பத்திரண்டு” என்றார் டெக்னீஷியன், அடிபட்ட குரலில்.

“இவ்வளவு கோபத்துக்கு வெறும் எண்பத்திரண்டா?” ஃபியூஸ்காரரால் நம்ப முடியவில்லை. “என் பொண்டாட்டியைக் கூப்பிடுங்க. அவ இருந்தா வரும்.”

“வீட்டுல அடிக்கடி சண்டையா?”

“சண்டையா? கோபப்படுத்தாதீங்கன்னு எங்க டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து வீட்டுல ஒரு ஈ காக்கா எதிர்த்துப் பேசறதில்லை. நெஞ்சுல கையை வெச்சாப் போதும், டிவி ரிமோட் தானா என் கைக்கு வரும். அதுக்கு முன்னாடியும் அவ பெரிசா பேசினதில்லை. அது வேற விஷயம்.”

மனைவியை உள்ளே அழைத்து, எக்ஸ்ரே படாமலிருக்க ஈயக் கவசம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“கனமா இருக்காம்மா?” என்றார் நர்ஸ்.

“இல்ல சிஸ்டர். பழக்கம்தான்.”

“இவருக்குக் கோபம் வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

“எதைச் சொல்ல?”

“எது வேணும்னாலும்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிறைய இருந்திருக்க வேண்டும், அதனால்தான் தேடினாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள். “என்னங்க, நீங்க ஹால்ல போட்ட சுவிட்ச் எல்லாம் தலைகீழா இருக்கு. மேலே தள்ளினாத்தான் எரியுது. வர்ற விருந்தாளி எல்லாம் சிரிக்கிறாங்க.”

“என்னடி சொன்னே?” என்று எகிறினார் ஃபியூஸ்காரர். எகிறியது வாய் மட்டுமல்ல, வலது காலும்தான். கதீட்டர்கள் மூன்றும் இடம் மாறின. திரையில் இதயம் அப்படியே சரிந்து, பாதி வெளியே தொங்கியது.

“மேடம், மேப் போச்சு!” டெக்னீஷியன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “எழுநூறு புள்ளி மேடம்! ரெண்டு மணி நேரம்! திரும்ப முதல்லேர்ந்து!”

“துடிப்பு?”

“எண்பத்திநாலு.”

அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் குரல் அந்த அறையின் கண்ணாடியையே அதிரவைத்தது.

“யோவ்! வாயை மூடுய்யா! காலையிலேர்ந்து நின்னு இடுப்பு ஒடியுது எனக்கு. இன்னொரு வார்த்தை பேசினே, ஒரு விரலை அசைச்சே, எல்லாத்தையும் உருவிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன். போய் பல்பு எடுத்துக் குடு!”

பல்பு என்ற சொல் ஃபியூஸ்காரரின் உச்சந்தலையில் இறங்கியது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அருமையான பதில், டாக்டரம்மாவின் ஏழு தலைமுறைக்கும் போதுமானது. ஆனால் ஏணி? அவர் பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். பதிலை முழுசாக விழுங்கினார்.

கண்காணிப்புக் கருவி கீச்சிட ஆரம்பித்தது.

“மேடம்” என்றார் டெக்னீஷியன். “நூத்தித் தொண்ணூறு!”

அதற்குப் பிறகு யாருக்கும் கோபப்பட நேரமில்லை. டாக்டரம்மாவின் விரல்கள் கதீட்டரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தின. திரையில் புள்ளிகள் மறுபடி விழுந்தன. இதயத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் மின்னியது.

“இதோ இருக்கான்” என்றார் டாக்டரம்மா. சுட்டார். நாலு வினாடியில் நூற்றித் தொண்ணூறு எழுபத்தாறாகியது.

நர்ஸ்தான் முதலில் பேசினார். “மேடம், கத்துறப்ப எல்லாம் சும்மாதானே இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல, கம்பெனில, ஏணியில, எல்லா இடத்துலயும் இவர் வாயைத் திறக்கலையே. இவருக்குக் கோபம் வந்ததால படபடப்பு வரலை. கோபத்தை விழுங்கினதால வந்திருக்கு.”

டாக்டரம்மா பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார். “ஆமா. இவர் விஷயத்துல அப்படித்தான் தெரியுது. எல்லாருக்கும் இப்படின்னு எடுத்துக்காதீங்க. சரி, திரும்ப வருதான்னு சோதிக்கணும். அரைமணி நேரம் எல்லாரும் திட்டுங்க. நீங்க மூச்சு விடக் கூடாது.”

அந்த அரைமணி நேரத்தை ஃபியூஸ்காரர் சாகும்வரை மறக்க மாட்டார். டெக்னீஷியன் மூக்கு விஷயத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். சாரி கேட்ட அதே நர்ஸ், எங்கே கற்றாரோ, அப்படி ஒரு திட்டுத் திட்டினார். ஃபியூஸ்காரர் பெருங்கோபத்தில் கண்ணீர் வழிய எல்லாவற்றையும் விழுங்கினார். எழுபத்தாறு அசையவில்லை.

“முடிஞ்சுது. ஒரு மாசம் கழிச்சு வாங்க, ஏணிக்கு எழுதித் தர்றேன்” என்று பழைய குரலுக்குத் திரும்பினார் டாக்டரம்மா.

“அப்போ இனிமே நான் கத்தினாலும் ஒண்ணும் ஆகாது?”

“ஆகாது.”

“கேட்டியாடி?” ஃபியூஸ்காரர் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினார். “ரெண்டு வருஷமா நெஞ்சு நெஞ்சுன்னு எவ்வளவு அடக்கி வெச்சிருந்தேன்! வீட்டுக்கு வா. அந்த சுவிட்ச் விஷயத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன் கச்சேரியை!”

மனைவி ஈயக் கவசத்தை நிதானமாகக் கழற்றி நர்ஸிடம் கொடுத்தாள். கவசம் போன பிறகும் அவளுடைய இடது கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. வலது கையை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

“விழுங்கினா வரும்னு சொன்னீங்களே டாக்டர், இதையும் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க. எனக்கு இது பத்தொன்பதாவது வருஷம்.”