தக்கையின் அடியில் ஒரு கோடு

அன்று சோடாக்கடை வாசலில் இருந்தவர்கள் நால்வர்: சிவசைலமாகிய நான், என் தங்கை ஆவுடையம்மாள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் மாடன், கடைக்கார மூசா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. 1958, குற்றாலத்தில் சாரல் காலம். அங்கே இல்லாத நாலாயிரம் பேர் சாட்சி சொல்வதால் இதை எழுத வேண்டியதாயிற்று.

தங்கைக்கு மூட்டுவலி. அருவிக்கரையில் புதிதாக முளைத்த சாமியார் துளிச்சாமியின் தீர்த்தத்தையும் தடவியிருந்தாள்.

"தங்கச்சிக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றான் மாடன்.

"ஆஸ்பத்திரியில பத்து ஊசி போட்டாச்சு. வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு. தண்ணியாலதான்னு சொல்ல முடியாதுலே."

மாடன் வாய்வழி இந்தப் பேச்சு தென்காசி போவதற்குள் அதிலிருந்து ஊசி தொலைந்தது. புளியங்குடி எலுமிச்சை லாரியில் 'கொஞ்சம்' உதிர்ந்தது. வாசுதேவநல்லூரில் இறங்கியபோது என் தங்கை, நாலு வருஷம் படுத்துக் கிடந்து, தீர்த்தம் பட்டதும் எழுந்து பாறை ஏறியவள்! சிவசைலம் வீட்டார் பொய் சொல்ல மாட்டார்களாம். ஆகவே சாமியின் குடிசை முன் பாலம் வரை வரிசை.

வரிசையில் வள்ளித்தாய் நின்றாள். புருஷனுக்குக் காசநோய். "ஒங்க வீட்டு வார்த்தைய நம்பி ஊசிய நிறுத்திட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

நேரே மாடனிடம் போனேன். "ஏலே மாடா, ஊசிய எங்கலே விட்டே?"

"அதச் சொன்னா கத ருசிக்காதுல்லா!"

மறுநாள் ஒரே மாதிரி மூன்று புட்டிகளோடு, மூசாவையும் கூட்டிக்கொண்டு சாமியிடம் போனேன். ஒன்று அவரிடமே வாங்கியது. மற்ற இரண்டிலும் மூசா கடைத் தண்ணீர்.

"சாமி தொட்ட தண்ணி எதுன்னு சாமிக்குத் தெரியுமா?"

"ஆயிரம் புட்டிக்குள்ள வச்சாலும் தெரியும்!"

கண்ணை மூடினார், முகர்ந்தார், ஒன்றைத் தூக்கினார். நான் அதன் தக்கையைக் கழற்றிப் பார்த்து மூசாவிடம் தலையசைத்தேன்.

"அது நம்ம கடைத் தண்ணி சாமி" என்றார் மூசா. "வரும்படில பாதி எனக்குல்லா தரணும்?"

சகுனம் சரியில்லையாம். இடம் மாற்றி வைத்து இன்னும் இருமுறை கேட்டேன். இருமுறையும் சோடாக்கடைத் தண்ணீருக்கே அருள் வந்தது. வரிசை கலைந்தது, சாமி பின்வாசல் வழியே கலைந்தார். வள்ளித்தாய் தன் புட்டியைக் கவிழ்த்துவிட்டுப் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக பஸ் ஏறினாள். அவன் பிழைப்பானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

இப்போது புதுப் பேச்சு: சிவசைலத்துக்கே அருள் வந்து புட்டியை அடையாளம் காட்டினாராம். தாயத்து கேட்டு மூவர் வந்தார்கள். எனக்கு அருள் வரவில்லை. சாமி புட்டியின் தக்கைக்கு அடியில் மசியால் கோடு போட்டிருந்தேன்.

அந்த மூவருக்கும் மூளை இல்லை என்று நான் சொன்னதாகவும் ஒரு வதந்தி. பொய். இருப்பதைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.